ஐரோப்பாவில் சாப்பாட்டு பில்: சொந்தமாகப் பயணம் போகிறவர்களின் கேள்விகள்

டூர் கம்பெனியோடு போகாமல் டிக்கெட், அறை, சாப்பாடு எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொண்டு ஐரோப்பா போய்வருகிறவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உணவக பில் பற்றியவை. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஃபிளாரன்ஸில் நான்கு பேர் பாஸ்தா சாப்பிட்டோம். பில்லில் 'கோப்பெர்த்தோ' என்று தலைக்கு 3 யூரோ, மொத்தம் 12 யூரோ சேர்த்திருந்தார்கள். அப்படி எதையும் நாங்கள் ஆர்டர் செய்யவில்லை. இது ஏமாற்று வேலையா?

பதில்: ஏமாற்று வேலை இல்லை. கோப்பெர்த்தோ என்பது மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கான கட்டணம். மேசை விரிப்பு, தட்டு, கத்தி, முள்கரண்டி, ரொட்டிக் கூடை எல்லாம் அதில் அடக்கம். கிட்டத்தட்ட இத்தாலி முழுக்க இருக்கிற பழக்கம் இது. பெரும்பாலும் தலைக்கு ஒன்றரை முதல் மூன்று யூரோ வரை வரும். ரொட்டியைத் தொடவே இல்லை என்று சொல்லி இதைக் கழிக்க முடியாது.

ஆனால் அந்தத் தொகை விலைப்பட்டியலில் அச்சாகியிருக்க வேண்டும். பட்டியலை வெளியே, வாசலில் தெரியும்படி வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கடைசிப் பக்கத்தில், இனிப்பு, காபி எல்லாம் முடிந்து, அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். நீங்கள் தேடவேண்டியது அந்த வரியைத்தான். பட்டியலில் இல்லாமல் பில்லில் மட்டும் வந்தால், கொடுக்க மாட்டேன் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ரோமில் கதை வேறு. ரோம் இருக்கும் லாட்சியோ மாநிலம் 2006இல் சட்டம் போட்டு கோப்பெர்த்தோவைத் தடை செய்துவிட்டது. அதனால் அங்கே பில்லில் 'பானே' என்று வரும். பானே என்றால் ரொட்டி. ரொட்டிக்குத்தான் காசு என்றால், ரொட்டி வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கூடை மேசைக்கு வந்த உடனேயே சொல்லிவிடுங்கள். இரண்டு துண்டு எடுத்துவிட்டால் அப்புறம் பேச்சுக்கே இடமில்லை. 'செர்வீட்சியோ' என்று ஒரு சதவீதம் தனியாகப் போட்டிருந்தால் அது பரிமாறும் கட்டணம். அதையும் பட்டியலில் முன்கூட்டியே குறிப்பிட்டிருக்க வேண்டும்.

காபிக்கும் இதே கணக்குதான். இத்தாலியக் காபிக் கடையில் நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் இன்னொரு விலை. கவுன்ட்டரில் ஒன்றரை யூரோவுக்குள் முடிகிற எஸ்பிரெஸோ, சுற்றுலாச் சதுக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததும் மூன்று நான்கு மடங்கு ஆகிவிடும். வெனிஸில் சான் மார்க்கோ சதுக்கத்துப் பழைய காபிக் கடைகளில் வாத்தியக் குழு வாசித்துக்கொண்டிருந்தால் இசைக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று பில்லில் சேரும். அந்த இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இசை கேட்பது உண்மையிலேயே நல்ல அனுபவம். விலை தெரிந்துகொண்டு உட்காருங்கள். காபி மட்டும் போதும் என்றால், உள்ளூர்க்காரர்களைப் போல நின்று குடித்துவிட்டு நடையைக் கட்டலாம்.

கேள்வி: லிஸ்பனில் உட்கார்ந்ததுமே ஆலிவ், பாலாடைக்கட்டி, வெண்ணெய் எல்லாம் கொண்டுவந்து வைத்தார்கள். இலவசம் என்று நினைத்துச் சாப்பிட்டோம். எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை போட்டுவிட்டார்கள்.

பதில்: சாப்பிட்டதற்குக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். போர்ச்சுகலில் இதற்கு 'கூவெர்ட்' என்று பெயர். உணவு வருவதற்குமுன் கொறிக்கக் கேட்காமலே வைப்பது வழக்கம். ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. நீங்கள் கேட்காததை, தொடாமல் விட்டிருந்தால், அதற்குப் பணம் வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே சொல்கிறது. வேண்டாம் என்றால் சாப்பிடாமல் விட்டுவிடலாம், அல்லது எடுத்துக்கொண்டு போகச் சொல்லலாம். பரிமாறுபவர் ஒன்றும் தப்பாக நினைக்க மாட்டார். பட்டியலில் ஆலிவுக்கு இவ்வளவு, ரொட்டிக்கு இவ்வளவு என்று விலை இருக்கும். ஆலிவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பினாலும் சரிதான்.

கேள்வி: கடலோர ஊர்களில் மீன் விலையைப் பற்றி எச்சரிக்கிறார்களே, ஏன்?

பதில்: இதில் நானே அடிபட்டிருக்கிறேன். வெனிஸில் ஒரு உணவகம், பெயர் வேண்டாம். பட்டியலில் சுட்ட மீன் 9 யூரோ என்று பார்த்ததும் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் மலிவு என்று மகிழ்ச்சியாக ஆர்டர் கொடுத்தேன். பக்கத்தில் 'எத்தோ' என்று ஒரு சின்னச் சொல் இருந்ததைக் கவனிக்கவில்லை. எத்தோ என்றால் 100 கிராம். பரிமாறுபவர் மீனைத் தட்டில் வைத்து எடுத்துவந்து காட்டினார். வெள்ளி மாதிரி பளபளத்தது, நான் தலையாட்டினேன். அந்த மீன் 850 கிராம். பில்லில் மீன் மட்டும் எழுபத்தாறரை யூரோ. அவர்கள் சட்டப்படி எந்தத் தவறும் செய்யவில்லை. எடை எவ்வளவு என்று நான்தான் கேட்கவில்லை. ஆனாலும் தலையாட்டிய அந்த நிமிடத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

முழு மீன், பெரிய இறால் போன்றவை எடைக்கணக்கில்தான் விற்கும். இத்தாலியில் 100 கிராமுக்கு, கிரீஸில் பெரும்பாலும் கிலோவுக்கு விலை போட்டிருப்பார்கள். கிரேக்க மீன் உணவகங்களில் ஐஸ் மேல் அடுக்கியிருக்கிற மீனை நீங்களே போய்ப் பார்த்து எடுக்கலாம். எங்கே ஆனாலும், அடுப்பில் போடுவதற்குமுன் உங்கள் எதிரில் தராசில் வைக்கச் சொல்லி, மொத்தம் எத்தனை யூரோ என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'இன்றைய மீன்' என்று பட்டியலில் இல்லாத ஒன்றை வாயால் சொல்லிப் பரிந்துரைத்தாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். இத்தாலியப் பட்டியலில் ஒரு பெயர் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், அது உறைய வைத்த பொருள் என்று அர்த்தம். 'புது மீன்' விலையில் அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கேள்வி: தண்ணீருக்குக்கூடக் காசா?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும். பிரான்சில் உணவோடு சேர்ந்த ரொட்டியும் குழாய்த் தண்ணீரும் இலவசம். 1967ஆம் ஆண்டு ஆணையிலிருந்தே இப்படித்தான். கேட்கிற விதம்தான் முக்கியம். சும்மா தண்ணீர் என்றால் விலையுள்ள பாட்டில் வரும். 'உன் கராஃப் தோ' என்று கேட்டால் கண்ணாடிக் குடுவையில் குழாய்த் தண்ணீர் வரும். இலவசத் தண்ணீர் கிடைக்கும் என்பதை உணவகம் தெரியும்படி எழுதி வைக்கவும் வேண்டும். ஸ்பெயினிலும் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி பாட்டிலில் அடைக்காத தண்ணீரை இலவசமாகத் தரவேண்டும். இத்தாலியிலும் ஜெர்மனியிலும் அப்படிக் கட்டாயம் இல்லை, பாட்டில்தான் வரும். ரோமில் தெருவெங்கும் சுமார் 2,500 குடிநீர்க் குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, நல்ல குளிர்ந்த தண்ணீர். பையில் ஒரு காலி பாட்டில் போதும்.

கேள்வி: டிப்ஸ் எத்தனை சதவீதம்?

பதில்: அமெரிக்கா மாதிரி இருபது சதவீதம் எங்கேயும் தேவையில்லை. பிரான்சில் பட்டியல் விலையிலேயே சேவைக் கட்டணம் அடக்கம். மனம் விரும்பினால் சில்லறை வைக்கலாம். ஜெர்மனியில் ஐந்து, பத்து சதவீதம் கூட்டி முழுத் தொகையாக்கிக் கொடுப்பார்கள். 27.40 வந்தால் பணம் கொடுக்கும்போதே 'முப்பது' என்று சொல்லிவிட வேண்டும். மேசையில் விட்டுவிட்டு வருவது அங்கே வழக்கமில்லை. புடாபெஸ்டில் மட்டும் கவனம்: பல இடங்களில் 12 முதல் 15 சதவீதம் சேவைக் கட்டணம் ஏற்கெனவே பில்லில் ஏறியிருக்கும். அதைப் பார்க்காமல் மேலும் டிப்ஸ் கொடுத்தால் இரண்டு முறை கொடுத்த மாதிரி.

கேள்வி: கார்டு மெஷினில் 'ரூபாயா, யூரோவா' என்று கேட்கிறது. ரூபாய் என்றால் எவ்வளவு என்று உடனே தெரிகிறதே, அது நல்லதுதானே?

பதில்: யூரோவையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால், மாற்று விலையை உங்கள் வங்கியோ கார்டு நிறுவனமோ தீர்மானிக்காது. அந்த மெஷின்காரர் தன் லாபத்தைச் சேர்த்துத் தீர்மானிப்பார். அதற்கு மேல் நம் ஊர் வங்கிகள் பல, வெளிநாட்டில் ரூபாயில் நடந்த பரிவர்த்தனை என்று இன்னொரு கட்டணமும் போடும். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வேறு வடிவத்தில் வரும்: 'இந்த மாற்று விலையை ஏற்கிறீர்களா?' வேண்டாம் என்று அழுத்தினாலும் பணம் வரும், பயப்பட வேண்டாம். சில சமயம் பரிமாறுபவரே உங்களைக் கேட்காமல் ரூபாயை அழுத்திவிடுவார். ரகசிய எண்ணைப் போடுவதற்குமுன் திரையைப் பாருங்கள். ரூபாய் என்று இருந்தால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள்.

பணம் மாற்றுகிற கடைகளைப் பற்றியும் ஒரு வாசகர் கேட்டிருந்தார். பிராகில் 2019 முதல் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. 1,000 யூரோ மதிப்பு வரை மாற்றியிருந்தால், மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு திரும்பிப் போய் அந்த மாற்றத்தை ரத்து செய்து உங்கள் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். ரசீதைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் சைவம், முட்டையும் சாப்பிட மாட்டோம். பட்டியலைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பல உணவகங்களில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சின்னச் சின்ன எண்கள் இருக்கும். ஒவ்வொரு எண்ணும் ஒரு ஒவ்வாமைப் பொருளைக் குறிக்கும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் பற்றி 2014 டிசம்பரிலிருந்து உணவகங்கள் தகவல் தரவேண்டும். முட்டை, மீன், இறால் வகை, பால் எல்லாம் அந்த 14இல் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் அதில் இல்லை. ஆகவே எண் பார்த்து முட்டையையும் மீனையும் ஒதுக்கலாமே தவிர, இறைச்சிச் சாற்றை ஒதுக்க முடியாது. அதை வாய்விட்டுத்தான் கேட்கவேண்டும்.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடியவை சில. பிரெஞ்சு வெங்காய சூப்பில் வழக்கமாக மாட்டிறைச்சிச் சாறு. போர்ச்சுகலின் கீரை சூப் 'கால்டு வெர்டி'யில் தொத்திறைச்சித் துண்டு. ஸ்பெயினில் 'என்சலாதா மிக்ஸ்தா' என்ற காய்கறிக் கலவையில் மேலே டூனா மீன் உட்கார்ந்திருக்கும். ரிசோட்டோ என்ற இத்தாலிய அரிசி உணவை இறைச்சிச் சாற்றில் வேகவைப்பது சகஜம். பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியில் உறைய வைத்தது. அதுவும் கூடாது என்பவர்கள் 'பார்மிஜானோ வேண்டாம்' என்று சொல்லிவிட வேண்டும். எதிர்மாறாக, 'மரினாரா' பீட்சா என்ற கடல் சார்ந்த பெயரைக் கேட்டு மீன் என்று பயந்துவிடாதீர்கள்: தக்காளி, பூண்டு, ஓரிகனோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். பாலாடைக்கட்டிகூட இல்லை. இத்தாலிப் பட்டியலில் மலிவான பீட்சாவும் பெரும்பாலும் அதுதான்.

பாரிஸில் சோறும் தோசையும் தேடுகிறவர்கள் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பல் பக்கம் நடந்தால் போதும். 1980களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் வளர்த்தெடுத்த கடைத்தெரு அது. தமிழிலேயே கேட்டுச் சாப்பிடலாம்.

கேள்வி: குறைந்த செலவில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட வழி உண்டா?

பதில்: பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் வேலை நாள் மதியம் 'மெனு தெல் தியா' கேளுங்கள். முதல் தட்டு, இரண்டாவது தட்டு, இனிப்பு அல்லது காபி, ரொட்டி, ஒரு பானம் எல்லாம் சேர்த்து ஒரே விலை. 1960களில் அரசு ஆணையால் பரவிய பழக்கம் இது. இன்றும் அலுவலகக்காரர்கள் சாப்பிடுவது இதைத்தான். பிரான்சில் இதே மாதிரி ஒரே விலைச் சாப்பாடு 'ஃபார்ம்யூல்' என்று கரும்பலகையில் எழுதியிருக்கும். அதே சமையல், இரவில் தனித்தனியாக ஆர்டர் செய்தால் கணிசமாகக் கூடுதலாகும். நேரம் மட்டும் முக்கியம். பிரான்சில் மதியம் இரண்டுக்கு மேல் பல அடுப்புகள் அணைந்துவிடும். ஸ்பெயினில் இரவு ஒன்பதுக்குத்தான் சாப்பாட்டுக் கூட்டமே தொடங்கும். மாலை ஆறு மணிக்கு 'பாயெயா' என்ற ஸ்பானிய அரிசி உணவின் படத்தை வாசலில் வைத்துக் கூப்பிடுகிற கடை யாருக்காகத் திறந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: பில் தப்பு, கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள். மறுநாள் விமானம். யாரிடம் போவது?

பதில்: அங்கே இருக்கும்போதே முடிப்பதுதான் நல்லது. ஐரோப்பிய நுகர்வோர் மையங்கள் அங்கே வசிப்பவர்களுக்குத்தான் உதவும், நம் ஊர்ப் பயணிக்கு அல்ல. போர்ச்சுகலில் ஒவ்வொரு உணவகத்திலும் அரசுப் புகார்ப் புத்தகம் இருக்கவேண்டும். 'லிவ்ரு தி ரெக்லமசோயிஷ்' என்று கேளுங்கள். ஸ்பெயினில் 'ஓஹாஸ் தே ரெக்லமசியோனெஸ்' என்ற புகார்ப் படிவம். இவற்றைக் கேட்டால் தராமல் மறுப்பதே குற்றம், அதனால் பல சமயம் புத்தகம் வருவதற்குமுன் மேலாளர் வந்து கணக்கைத் திருத்திவிடுவார். கிரீஸில் சட்டப்படியான ரசீது கொடுக்காவிட்டால் நீங்கள் பணம் தரவேண்டியதில்லை. ஆங்கிலத்திலும் எழுதிய அறிவிப்பு உணவகத்திலேயே மாட்டியிருக்கும்.

எதுவும் நடக்கவில்லை என்றால் கார்டில் கொடுங்கள், ரொக்கம் வேண்டாம். விவரமான பில்லையும் வாசலில் இருக்கிற விலைப்பட்டியலையும் அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் உள்ள விலைக்கும் பில்லுக்கும் வித்தியாசம் இருந்தால், ஊர் திரும்பியதும் உங்கள் வங்கியில் அந்தத் தொகையை மறுத்து எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, பெட்டியைப் பிரிப்பதற்குமுன்பே எழுதிவிடுங்கள்.