தைலம் காய்ச்சும் டிரம்மின் மூடிக்கு எவ்வளவு விசை?

ஊட்டியில் நீங்கள் தைலம் காய்ச்சும் டிரம்மின் மூடியை ஆவி மேலே தள்ளுவது சுமார் 865 கிலோ விசைதான், நீங்கள் கணக்கிட்ட 3.8 டன் இல்லை. 60 செ.மீ. விட்டத்துக்குப் பரப்பு 0.283 சதுர மீட்டர். அழுத்த மீட்டர் காட்டும் 0.3 பார் என்பது 30,000 பாஸ்கல். பெருக்கினால் 8,480 நியூட்டன், அதுதான் அந்த 865 கிலோ.

வெளிக்காற்றின் 1 பாரையும் கூட்டியிருப்பீர்கள். அது வெளியிலிருந்தும் அமுக்குவதால் கழிந்துவிடும். அதுவும் ஊட்டி உயரத்தில் 0.77 பார்தான், பாடப்புத்தகத்துக் கடல்மட்டக் கணக்கான 1.013 மலையேறி வராது.

மீட்டர் மேல் சந்தேகமென்றால் இலை போடாமல் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிடுங்கள். ஆவிக்குழாய் திறந்திருக்கையில் முள் 0, வெப்பமானி 92, 93 டிகிரி காட்ட வேண்டும். முள் 0.3க்கு வரும்போது 101, 102. இலை இருந்தால் தைல ஆவி இந்தக் கணக்கைக் குழப்பிவிடும்.

பக்கச் சுவரைப் பிளக்கப் பார்க்கும் விசைக்கு அழுத்தம் × விட்டம் × உயரம். 1 மீட்டர் உயரத்துக்கு 18,000 நியூட்டன். எதிரெதிர்த் தகடுகள் ஆளுக்குப் பாதி தாங்கும். 40 செ.மீ. தண்ணீரால் அடியில் 0.04 பார் கூடும், அவ்வளவுதான்.

அப்புறம், அடுப்பை அணைத்துவிட்டு வால்வை மூடாதீர்கள். ஆவி குளிர்ந்து உள்ளே வெற்றிடமானால் மூடியை மட்டுமே 2 டன்னுக்கு மேல் வெளிக்காற்று அமுக்கும். சாதாரண எண்ணெய் டிரம் என்றால் அப்படியே நசுங்கிவிடும். அதில் 0.3 பார் ஏற்றுவதே சரியில்லை, சேஃப்டி வால்வு இல்லாமல் தொடவே வேண்டாம்.