குதிரைவீரன் படமும் மகளின் இரசாயனப் பாடமும்

அக்கா, பாரிஸில் எங்கட கடைத்தெருவான லா சாப்பலில் சந்தித்தபோது "படம் கீறிச் சோறு தின்னேலுமோ?" என்று கேட்டீர்கள். நானும் ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். அது என் பிழை.

உங்கள் மகள் இப்போதுதான் பிரமியேர், பள்ளியின் கடைசிக்கு முந்தைய வகுப்பு. அதற்குள் லண்டன் மாமாவும் கனடாச் சித்தியும் அவளை டொக்டராக்கிவிட்டார்கள். அந்தப் பாதையை நான் விளக்கவேண்டியதில்லை, எங்கட ஆட்களுக்கு அது மனப்பாடம். மருத்துவத்துக்கான 'பாஸ்' என்ற முதலாண்டைத் திரும்பப் படிக்க விடமாட்டார்கள் என்பதை மட்டும் மாமாவுக்குச் சொல்லுங்கள்.

பள்ளி ஒப்படைக்கு அவள் எடுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் போர்வீரர் உருவப்படங்கள். ஓவியர் ஜெரிக்கோ 21 வயதில், 1812இல் வரைந்த குதிரைப்படை அதிகாரி லூவரில் மூன்றரை மீற்றர் உயரத்தில் நிற்கிறான். 1814இல் அதே கை, காயம்பட்டுக் குதிரையை இழுத்துப்போகும் வீரனை வரைந்தது. ஓவியர் தாவீத் துள்ளும் குதிரையில் ஏற்றிய நெப்போலியன் உண்மையில் ஆல்ப்ஸைக் கடந்தது கோவேறு கழுதையில். இவ்வளவும் எந்தப் பிள்ளையும் இணையத்தில் எடுத்துவிடும். கப்பல் உடைந்து தெப்பத்தில் தவிப்போரை ஜெரிக்கோ வரைந்த படத்தைப் பற்றி அவள் என்னிடம் கேட்டது வேறு: "ஜெரிக்கோவின்ர தெப்பப் படத்தில கறுப்பெல்லாம் ஏன் இப்பிடி வெடிச்சுக் கிடக்கு?"

பிட்டுமென்தான் காரணம் என்று வழமையாகச் சொல்வார்கள். தார் மாதிரியான அந்தப் பொருள் சரியாகக் காயாது, காலப்போக்கில் இருண்டு சுருங்கும். உங்கள் மகள் வீரத்தைப் பார்க்கவில்லை, சாயத்தைப் பார்க்கிறாள். அவளுக்கேற்ற தொழில் ஓவியப் பராமரிப்பு, இங்கே 'ரெஸ்தோரத்தர்' என்பார்கள்.

அகச்சிவப்புக் கதிரில் அடிவரைவைத் தேடுவது, மஞ்சளான வார்னிஷைப் பஞ்சுக்குச்சியால் அங்குலம் அங்குலமாக எடுப்பது, உதிர்ந்த இடத்தை, பின்னால் வருபவர் கழற்றக்கூடிய சாயத்தால் நிரப்புவது, இதுதான் வேலை. 2024இல் ஓவியர் தெலாக்ருவாவின் சுதந்திரதேவி படம் பழைய வார்னிஷ் நீங்கி லூவர் சுவருக்குத் திரும்பியது இப்படித்தான். நாட்டின் அருங்காட்சியகப் படைப்புகளைத் தகுதி பெற்றவர்தான் தொடலாம் என்று சட்டமே இருக்கிறது.

படிக்க அரசின் இன்ஸ்தித்யூ நாஸியோனால் து பத்ரிமுவான், அதாவது தேசிய மரபுரிமை நிறுவனம், இருக்கிறது. பாரிஸை ஒட்டிய ஒபெர்வில்லியேயில் பழைய தீப்பெட்டித் தொழிற்சாலைக்குள் அதன் பட்டறைகள். ஐந்து வருடம், மாஸ்டர் தரம். நுழைவுப் போட்டியில் கலை வரலாற்றோடு விஞ்ஞானம், வரைதல், கைத்திறன் எல்லாம் சோதிப்பார்கள். ஏழு பிரிவுக்குமாக ஆண்டுக்கு இருபது பேரளவில்தான் எடுப்பார்கள், முதல் முறையே கிடைக்கும் என்று நம்பவேண்டாம். பாரிஸ் 1 பல்கலைக்கழகத்திலும் இதே துறை உண்டு. அங்கே லிசான்ஸ் (இளமாணி) பதிவுக்கட்டணம் ஆண்டுக்கு 200 யூரோவைத் தாண்டாது, மாணவர் வாழ்க்கைக் கட்டணம் நூறு சொச்சம் தனி.

காசு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆயிரக்கணக்கில் கேட்கும் தனியார் கலைப்பள்ளிக்காகக் கடன் எடுக்காதீர்கள், சீட்டும் கழிக்காதீர்கள். இந்தத் தொழிலில் பெரும்பாலானோர் சுயதொழில்காரர். முதல் சில வருடம் வருமானம் ஏறியிறங்கும். அதை இப்போதே அவளுக்குச் சொல்லுங்கள், மறைத்துவிட்டுப் பிறகு அவளைக் குறை சொல்லக்கூடாது.

கடைசி வகுப்பான தெர்மினாலுக்கு மூன்று சிறப்புப் பாடங்களில் ஒன்றை விடவேண்டும். எதை விடுவதென்று மாமாவிடம் கேட்காமல் அவளிடம் கேளுங்கள். பௌதிக-இரசாயனத்தை மட்டும் விடவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.