காசு நின்றுபோன இடம்

கேள்வி: என் மகள் செல்போன் விளையாட்டில் சேர்த்த காசு 2147483647-இல் வந்து நின்றுவிட்டது. எவ்வளவு ஆடினாலும் மேலே ஏறவில்லை. அது என்ன எண், சார்? – ஒரு வாசகி, கரூர்

பதில்: அந்த எண்ணை எனக்கு நன்றாகத் தெரியும் அம்மா. பள்ளியில் கணக்கு நடத்திய காலத்தில், ஒரு கோடை விடுமுறை முழுக்க அதை உட்கார்ந்து வகுத்திருக்கிறேன்.

காசு ஏன் நின்றது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு முழு எண்ணை வைத்துக்கொள்ளப் பல நிரல்கள் 32 இடங்களை ஒதுக்குகின்றன. ஒவ்வோர் இடத்திலும் 0 அல்லது 1 இருக்கும். ஓர் இடம் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மீதி 31 இடங்களிலும் 1 நிரம்பிவிட்டால் அதுதான் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அதாவது, 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் குறைத்தால் வருவது. அதற்கு மேல் இடமில்லை.

சரி, எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். இது ஒரு பகா எண். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாது. இப்படி இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்து வரும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். எல்லா அடுக்குக்கும் இது அமைந்துவிடாது. 11 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் குறைத்தால் 2047; அது 23 × 89 என்று உடைந்துவிடும். இன்றைய 64 இட நிரல்களின் உச்ச எண் 9223372036854775807 கூட 7-ஆல் வகுபடும்.

மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-இல் வெளியிட்ட பட்டியலிலேயே 31-ஆம் அடுக்கு இருந்தது. ஆனால் நிரூபணம் இல்லை. அதை 1772-இல் பெர்னூலி என்ற கணித அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்தவர் கணித மேதை ஆய்லர். அப்போது அவர் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

இது பகா எண்தானா என்று பார்க்க, சாதாரணமாக இதன் வர்க்கமூலம் வரை, அதாவது 46340 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை நாலாயிரத்து எழுநூறுக்கும் மேல். ஆனால் ஒரு குறுக்கு வழி உண்டு. இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தால், அந்தப் பகா எண்ணை 31-ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும். 8-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் பகா எண்களைப் பார்த்தாலே போதும். அப்புறம் மிஞ்சுவது சுமார் 80 எண்கள்தான். அந்த விடுமுறையில் நான் நோட்டில் போட்டதும் இவற்றைத்தான்.

முதலாவது 311. வகுத்தால் மீதி 35. அடுத்தது 1303. அதை உங்கள் மகளிடமே கொடுங்கள். கால்குலேட்டர் வேண்டாம், பென்சிலும் தாளும் போதும். மீதி 226 வர வேண்டும்.