எடைக்குப் போட வேண்டுமா அம்புலிமாமாவை?

கேள்வி: எனக்கு வயது 46. மயிலாடுதுறையில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டை விற்கப்போகிறோம். காலஞ்சென்ற அப்பா மாதந்தோறும் வாங்கித் தந்த அம்புலிமாமா இதழ்களும் முத்து, லயன் காமிக்ஸ் புத்தகங்களும் பரணில் இரண்டு டிரங்குப் பெட்டிகள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகனிடம் காட்டினேன். நான்கு பக்கம் புரட்டிவிட்டுக் கீழே வைத்துவிட்டான். அன்று இரவு அழுதுவிட்டேன். இந்த வயதில் இது அசட்டுத்தனமா?
— ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

அசட்டுத்தனம் இல்லை. ஒரு மாதம் காத்திருந்து, வந்த இதழை யார் முதலில் படிப்பது என்று அண்ணனோடு மல்லுக்கட்டி, பின்பக்கத்தில் வரும் இரண்டு புகைப்படங்களுக்குப் பொருத்தமான தலைப்பை யோசித்து அஞ்சலட்டையில் எழுதி அனுப்பிவிட்டு, பரிசுக்குரியவர் பெயரை அடுத்தடுத்த இதழ்களில் தேடிய தலைமுறை நம்முடையது. அந்தக் காத்திருப்புக்கு ஒவ்வொரு மாதமும் காசு கொடுத்தவர் உங்கள் அப்பா. வீடும் கைமாறும் நேரத்தில் அந்தப் பெட்டிகளைத் திறந்தால் கண் கலங்காமல் என்ன செய்யும்?

அண்ணன் மீது கோபப்படாதீர்கள். வீட்டை ஒழிக்கும் பொறுப்பு அவர் தலையில் இருக்கிறது; பரணில் கிடப்பதெல்லாம் இப்போது அவருக்குச் சுமையாகவே தெரியும். தொலைபேசியில் வாதாடாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் சென்று இருவரும் சேர்ந்தே பெட்டிகளைத் திறந்து பாருங்கள். அவை அவருடைய புத்தகங்களும்தான். தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் விக்கிரமனை ஓவியர் சங்கரின் கோடுகளில் மீண்டும் பார்க்கும்போது அவர் மனம் மாறினாலும் மாறலாம். மாறாவிட்டால், உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும் உரிமையையாவது கேட்டுப் பெறுங்கள்.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அப்பா கையெழுத்து உள்ளவை, நீங்கள் இருவரும் பெயர் கிறுக்கியவை, திரும்பத் திரும்பப் படித்து அட்டை கிழிந்தவை ஆகியவற்றை முதலில் ஒதுக்குங்கள். மற்றவற்றை விற்பதானால் எடைக்கு மட்டும் விற்காதீர்கள். 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா இப்போது வெளிவருவதில்லை. 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் பழைய இதழ்களைத் தேடி அலையும் சேகரிப்பாளர்கள் பலர் இருக்கிறார்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதி, அவர்களிடம் இல்லாத இதழ்கள் உங்களிடம் இருக்கின்றனவா என்றும் விசாரிக்கலாம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் புத்தகங்களோடு பழைய அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும்கூட விடாமல் சேர்த்துவைத்ததால் உருவான நூலகம் அது. அவரையும் எத்தனை பேர் ஏளனமாகப் பார்த்திருப்பார்களோ!

வைத்துக்கொள்பவற்றைக் கவனமாகப் பாதுகாக்க வேண்டும். அக்காலத்து மலிவான தாளில் மரக்கூழில் இயல்பாக உள்ள லிக்னின் என்ற பொருள் நீங்காமல் இருப்பதால், வெளிச்சமும் வெப்பமும் பட்டால் அது விரைவில் பழுத்து முறியும். ஆகவே வெயிலில் உலர்த்தாதீர்கள். நிழலில் காற்றாட வைத்துத் தூசு தட்டினால் போதும். துருப்பிடித்த பின்களை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு நூலால் தைத்துவிடலாம். கிழிசல்களில் செல்லோடேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டுகளில் அதன் பசை பழுப்பேறித் தாளையும் கறையாக்கிவிடும். பைண்டிங்கில் உள்ள மாவுப் பசையைத் தேடித்தான் இராமபாணப் பூச்சி வரும் என்பதால், பழைய பருத்தித் துணியில் சுற்றி, ஓலைச்சுவடிக் காலத்திலிருந்தே பயன்பட்டுவரும் வசம்பை இடையில் வைத்து, பெட்டியைத் தரையில் படாமல் பலகை மீது வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பார்ப்பது அவசியம்.

இனி உங்கள் மகன். அவன் புரட்டிவிட்டு வைத்ததில் குற்றம் ஏதுமில்லை. உங்களுக்கு அந்தப் பக்கங்களில் ஒரு வீடே தெரிகிறது. அவனுக்குப் பழுத்த தாளும் சிறிய எழுத்தும்தான் தெரியும். ‘நாங்கள் எல்லாம் எப்படிப் படித்தோம் தெரியுமா’ என்று தொடங்கினீர்களானால் அவன் அந்தப் பெட்டியின் பக்கமே வரமாட்டான். மாறாக, ஓர் இரவு வேதாளக் கதை ஒன்றை நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். வேதாளம் கேள்வி கேட்டு, பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று மிரட்டும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, அவனுடைய தீர்ப்பைக் கேளுங்கள். அந்தக் கதைகளில் பல, யார் செய்தது பெரிய தியாகம், யாருக்கு நியாயமாக உரிமை உண்டு என்ற வழக்குகள்தாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வாதாட விரும்பும் விஷயங்கள் அவை. அவன் விக்கிரமனோடு ஒத்துப்போகாவிட்டால் அதுவும் நல்லதே. அப்போதும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் ஆசையை அவன் சுமக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் மறவாதீர்கள். எடைக்குப் போவதென்று முடிவானவற்றையும் ஒவ்வொன்றாக விரித்து உதறிப் பார்த்தபிறகே அனுப்புங்கள். வீட்டு வரி ரசீதையும் பழைய புகைப்படங்களையும் புத்தகங்களுக்குள் வைக்கும் வழக்கம் அக்காலத்தில் பலருக்கு இருந்தது. வீடு விற்கும் வேளையில் அவற்றில் ஏதேனும் தேவைப்படலாம்.