எபாக்ஸியில் செம்பனை எண்ணெய்: மேலே பிசுபிசுப்பு, அடியில் வண்டல்

கேள்வி: பட்டர்வொர்த்தில் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். எபாக்ஸி வார்ப்புக் கட்டைகள் நொறுங்காமல் இருக்கச் சமையல் செம்பனை எண்ணெயும், செலவு குறைய ஈப்போ பக்கத்துக் கால்சியம் கார்பனேட் தூளும் கலந்தேன். மேலே பிசுபிசுக்கிறது, அடியில் தூள் தங்கிவிட்டது. எங்கே தவறு?

பதில்: சமையல் எண்ணெய், எபாக்ஸி ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரோடு பிணையாது. ரெசின் இறுகும்போது அது வெளியே தள்ளப்படும். கட்டையை வெந்நீரில் தேய்த்துக் கழுவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மறுபடி கசிந்தால் எண்ணெய்தான், அந்தக் கட்டையைக் கழித்துவிடுங்கள். கழுவியதோடு போய்விட்டால், அது ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள் பினாங்கின் ஈரக்காற்றில் பூத்த படலம். கட்டை தப்பியது.

உங்களுக்கு வேண்டியது பிவிசிக்குப் பயன்படும் எபாக்ஸிடைஸ்டு சோயா எண்ணெய். ஹார்டனரோடு பிணையக்கூடிய எபாக்ஸி வளையம் எண்ணெயின் இரட்டைப் பிணைப்பில்தான் உருவாகும். அந்தப் பிணைப்பைக் காட்டும் அயோடின் எண் செம்பனைக்குச் சுமார் 50, சோயாவுக்கு 130 அளவில். இந்த மாற்றத்தைப் பெராக்சைடு வாங்கிப் பட்டறையில் செய்து பார்க்காதீர்கள். வெப்பம் கைமீறி ஏறும்.

சோயாவிலும் அந்த வளையங்கள் சங்கிலியின் நடுவில் இருப்பதால், அறை வெப்பத்தில் அமீனோடு மந்தமாகவே சேரும். பெரும்பாலும் மென்மையாக்கியாகத்தான் நிற்கும். ரெசினில் 5 சதவீதம் போதும். 10ஐத் தாண்டினால் சிங்க் கூரைக்குக் கீழே மதிய வெக்கையிலேயே கட்டை வளையலாம். அதிகம் சேர்க்க அன்ஹைட்ரைட் என்ற வேறு வகை ஹார்டனரும் வினையூக்கியும் சூட்டடுப்பும் வேண்டும், அது வேறு வேலை.

அடுத்தது கணக்கு. பலர் மொத்தக் கலவையை எடை போட்டு அதற்கு ஹார்டனர் ஊற்றுகிறார்கள். தூள் ஹார்டனரைத் தின்னாது. மிஞ்சிய அமீனும் பிசுபிசுக்கும். டப்பாவில் ரெசின் 100க்கு ஹார்டனர் 50 என்றிருந்தால் சோதனைக் கலவை இப்படி: ரெசின் 100 கிராம், சோயா எண்ணெய் 5, கார்பனேட் 60, பியூம்டு சிலிக்கா (கலவையைக் கெட்டியாக்கும் மிக நுண்ணிய தூள்) 1.5, ஹார்டனர் அதே 50.

தூளை 105 பாகையில் 3 மணி நேரம் காயவைத்து, மூடிய டப்பாவில் ஆறவிடுங்கள். ஈரத்தூள்தான் பாதிக் குமிழிகளுக்குக் காரணம். ரெசினை 40 பாகைக்குச் சூடாக்கினால் தூள் கட்டியில்லாமல் கலக்கும். ஆனால் ஆறிய பிறகே ஹார்டனர், இல்லையென்றால் கிண்ணத்திலேயே இறுகிவிடும். வண்டல் படியாமல் தாங்குவது அந்த 1.5 கிராம் சிலிக்காதான். 60 கிராம் தூள் மலைப்பாகத் தெரியலாம். அதன் அடர்த்தி 2.7, ஆகவே கன அளவில் 14 சதவீதம்கூட வராது.

மறுநாள் வார்த்த கட்டையை 60 பாகையில் 3 மணி நேரம் வையுங்கள். கட்டையில் அமிலம் படுமென்றால் கார்பனேட் கரைந்து குழி விழும்; அங்கே அரைத்த சிலிக்காவைப் போடுங்கள், என்95 முகக்கவசம் மாட்டிக்கொண்டு.