கடம்பூரில் கொலை நடந்ததா?

அன்புள்ள ஐயா,

போன ஞாயிறு கும்பகோணத்திலிருந்து வேனில் ‘பொன்னியின் செல்வன்’ சுற்றுலா போனோம். மேலக்கடம்பூரில் ஒரு மேட்டைக் காட்டி, “ஆதித்த கரிகாலனைக் கொன்றது இங்கேதான்” என்றார் வழிகாட்டி. என் மகள் அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்திருக்கிறாள். அண்ணன் எல்லாமே கட்டுக்கதை என்று சிரிக்கிறார். எதை நம்புவது?

க., மன்னார்குடி

அன்புள்ள க.,

அண்ணன் சொல்வது பாதி சரி. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது நிஜம். கொலை நடக்கும் கடம்பூர் மாளிகை கல்கி தன் கதையில் கட்டியது. 1950-இல் தொடராக வரத் தொடங்கிய கதை அது. கொலை நடந்த இடத்தை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. சோழர் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, ஆதித்தன் விண்ணுலகம் காணும் ஆசையில் மறைந்தான் என்று நாசூக்காக முடித்துவிடுகிறது. கடம்பூரில் நீங்கள் பார்த்த, சக்கரம் வைத்த தேர் போன்ற கரக்கோயில் முதலாம் குலோத்துங்கன் காலத்தது. அதைப் பார்க்கவே தனியாக ஒரு நாள் போகலாம். கொலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உங்கள் வேன் காட்டுமன்னார்கோவிலில் நின்றதா? நான் போன வேன் வீராணம் ஏரிக்கரையில் போட்டோவுக்கு அரை மணி நேரம் கொடுத்தது. அதே ஊரில் உள்ள உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலுக்குப் பத்து நிமிடம். “பழைய சிவன் கோயில் சார், சீக்கிரம் கும்பிட்டு வந்துடுங்க” என்றார் அந்த வழிகாட்டி. இந்தக் கொலைக்கு இருக்கும் ஒரே நேரடிச் சாட்சி அந்தக் கோயில் சுவரில்தான் இருக்கிறது!

கருவறையின் புறச்சுவரில், எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவே. செல்போன் டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகள் எழுந்து வரும். ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏறக்குறைய 987. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்ற அந்தப் பகுதியின் பிராமணர் ஊர்ச் சபைக்கு வந்த அரசாணை. கரிகால சோழனை, அதாவது நம் ஆதித்தனை, கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய பெயர்களைச் சொல்கிறது. கதையில் வரும் ரவிதாசன் இந்தச் சுவரிலிருந்து இறங்கிப் போனவன்தான். நந்தினி இங்கே இல்லை.

ஆனால் அது கொலைக்கதை சொல்லும் கல்வெட்டு அல்ல, சொத்துப் பறிமுதல் ஆணை. கத்தி, சதி, காரணம் எதுவும் கிடையாது. தம்பிமார், மக்கள், மனைவிமார், மாமன்மார், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள் என்று உறவுப் பட்டியல் நீள்கிறது. கொலைகாரனின் அக்காளைக் கட்டிய பாவத்துக்கு ஒருவன் நிலமும் போயிருக்கிறது. ஒரு தாசில்தார் குறிப்பு போல உணர்ச்சியே இல்லாத அந்த நடையில்தான் எனக்குக் கொலையின் கனம் தெரிந்தது. கடம்பூர் மேட்டில் தெரியவில்லை.

அப்புறம், கொலைக்கும் ஆணைக்கும் நடுவே பதினைந்து ஆண்டுக்கு மேல் போயிருக்கிறது. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் அரியணையில் இருந்தவர், ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழர். வரலாற்றாசிரியர்களில் நீலகண்ட சாஸ்திரி அவரைச் சந்தேகித்தார், சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். நான் பண்டாரத்தார் கட்சி. கொலைகாரர்களுக்கு என்ன தண்டனை கிடைத்தது என்பதே கல்வெட்டில் இல்லை. மிச்சமிருந்த சொத்துக் கணக்கை ராஜராஜன் முடித்திருக்கலாம், அவ்வளவுதான்.

மகளை அழைத்துக்கொண்டு ஒருமுறை தனியாகப் போய் வாருங்கள். மதியம் நடை சாத்தியிருக்கும், காலையிலேயே கிளம்புங்கள். அந்த மண் கடம்பூர் வயல் மண்தானே, ஒரு தொட்டியில் கொட்டி ஏதாவது செடி வைக்கட்டும்.