தலைமையாசிரியர் மேசை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பத்தாம் வகுப்பில் 62 பேர். அரையாண்டுத் தேர்வில் 17 பேர் கணக்கில் 35-ஐத் தொடவில்லை. வகுப்பு முழுவதற்கும் மாலை ஆறு மணிவரை சிறப்பு வகுப்பு நடத்துகிறோம். பலன் தெரியவில்லை. என்ன செய்யலாம்?
– தலைமையாசிரியர், அரசு உயர்நிலைப் பள்ளி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: 62 பேரையும் ஒன்றாக உட்கார வைப்பதை முதலில் நிறுத்துங்கள். தேறிவிடக்கூடிய 45 பேர் அதில் சோர்ந்துபோகிறார்கள். உதவி தேவைப்படும் 17 பேர் அந்தக் கூட்டத்தில் மறைந்துகொள்கிறார்கள். கணித ஆசிரியரோடு அரைமணி நேரம் உட்கார்ந்து அந்த 17 விடைத்தாள்களை மூன்று கட்டாகப் பிரியுங்கள்: 25 முதல் 34 வரை, 10 முதல் 24 வரை, 10-க்கும் கீழே. ஒவ்வொரு கட்டுக்கும் வைத்தியம் வேறு.

முதல் கட்டுக்கு வடிவியலும் வரைபடமும் கைகொடுக்கும். வினாத்தாளின் கடைசிப் பகுதியில் இவை இரண்டுக்கும் தலா 8 மதிப்பெண், மொத்தம் 16. வடிவொத்த முக்கோணம், தொடுகோடு என்று வகைகளும் குறைவுதான். நாளுக்கு ஒரு வகை போதும். இந்தப் பிள்ளைகளின் தாளை உற்றுப் பாருங்கள். வரைபடத்தில் புள்ளிகள் சரியாக இருக்கும், மூலையில் அளவுத்திட்டம் எழுதியிருக்க மாட்டார்கள். முக்கோணம் சரியாக வந்திருக்கும், உதவிப்படம் இருக்காது. சில தாள்களில் வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து முடியாமல் விலகி நிற்கும். அது கணக்குத் தெரியாததால் வருவதில்லை, காம்பஸின் திருகு தளர்ந்து போனதால் வருவது. ஆறாம் வகுப்பிலிருந்து உருண்டு வந்த உபகரணப் பெட்டியில் பத்தாம் வகுப்புக்கு வரும்போது பாதிச் சாமான்தான் மிஞ்சியிருக்கும். நல்ல காம்பஸ் பத்து வாங்கி உங்கள் அலமாரியில் வையுங்கள்.

இரண்டாம் கட்டுக்கு 14 ஒரு மதிப்பெண் வினாக்களோடு ‘உறவுகளும் சார்புகளும்’ பாடத்தை மட்டும் முழுதாக முடிக்கச் சொல்லுங்கள். எட்டு இயலையும் அரைகுறையாகத் தொடுவதைவிட ஒரு இயல் கைவசமாவது நல்லது.

மூன்றாம் கட்டின் சிக்கல் பத்தாம் வகுப்புப் பாடத்தில் இல்லை. கரும்பலகையில் −7 + 3 என்று எழுதி விடை கேளுங்கள். −10 என்று வந்தால் ஏழாம் வகுப்பிலேயே குறை எண்கள் புரியாமல் போயிருக்கின்றன. அந்தப் பிள்ளைக்கு மாதிரி வினாத்தாள் கொடுப்பது தண்டனைதான். குறை எண், பின்னம், வாய்ப்பாடு ஆகிய மூன்றையும் தினமும் 20 நிமிடம், ஐந்தாறு பேருக்கு ஒரு ஆசிரியர் என்று ஆறு வாரம் நடத்துங்கள். கணித ஆசிரியர்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை.

இன்னொன்று, நேரமும் பசியும். மதியம் சத்துணவு சாப்பிட்ட பிள்ளைக்கு ஐந்து மணிக்கு மேல் கண் பலகையில் நிற்காது. மாலையில் சுண்டல் கொடுங்கள். தலைக்கு 30 கிராம் என்று வைத்தால் 17 பேருக்கு அரைக் கிலோ கொண்டைக்கடலை போதும். முந்தின இரவே ஊறப் போட வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கேட்டால் பொறுப்பை ஏற்க யாராவது கிடைப்பார்கள். ஐந்தேகாலுக்கு வகுப்பை முடித்துவிடுங்கள். கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க முடியாத மாணவிக்கு வீட்டில் மறுநாள் பள்ளியே மறுக்கப்படலாம்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் சிலர் அடிக்கடி விடுப்பு. வருகையை எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் தகவல் பதிவு) செயலியில் தவறாமல் பதிகிறோம், பெற்றோருக்கும் போன் செய்கிறோம். மாற்றமில்லை.
– உதவித் தலைமையாசிரியை, தென்காசி மாவட்டம்

பதில்: வருகையைப் பதிவது வேறு, அந்தப் பதிவைப் படித்துப் பார்ப்பது வேறு. இரண்டு மாத வருகையை ஒரே தாளில் எழுதிக் கிழமையைப் பாருங்கள். திங்கட்கிழமை மட்டும் வராத பையன் ஞாயிற்றுக்கிழமை கூலி வேலைக்குப் போகிறானா என்று விசாரியுங்கள். மாதாமாதம் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வராத மாணவி என்றால், முதலில் உங்கள் பள்ளிக் கழிப்பறைக்குப் போய்ப் பாருங்கள்: தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, நாப்கின் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா? காலையில் வந்துவிட்டு ஒரே பாடவேளையில் காணாமல் போகிறவர்கள் இருந்தால் பேச வேண்டியது அந்த ஆசிரியரிடம்.

போனை எடுத்ததும் “ஏன் அனுப்பல?” என்று கேட்டால் “காய்ச்சல் சார்” என்றுதான் பதில் வரும். “புள்ளைய ரெண்டு நாளாக் காணோமே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்று கேட்டுப் பாருங்கள், உண்மையான காரணம் வெளியே வரும். மூன்றாம் நாளும் வராவிட்டால் போன் போதாது, வகுப்பாசிரியர் வீட்டுக்கே போக வேண்டும். திருமணப் பேச்சு என்று காதில் விழுந்தால் அன்றே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். பெண்ணுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் பேசிப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

கேள்வி: வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையை மாணவிகள் ஜன்னல் வழியே எறிகிறார்கள்.

பதில்: ஒருமுறை வெறும் வயிற்றில் கொடுத்திருப்பார்கள், குமட்டியிருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு டீ வேண்டாம். மலம் கறுப்பாகப் போவது இயல்புதான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பலர் பயப்படுவது அதற்குத்தான்.

கேள்வி: ஆசிரியர் ஒருவர் தவறாகத் தொட்டதாக மாணவி புகார் சொன்னால், பள்ளிக்குள் விசாரித்துவிட்டுப் பிறகு காவல்துறைக்குச் சொல்லலாமா?

பதில்: கூடாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம், 2012-இன் 19-ஆம் பிரிவுப்படி தகவல் தெரிந்ததுமே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். உண்மையா என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. மறைத்தால் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. மாணவியை அறைக்குக் கூப்பிட்டு ஆளாளுக்குக் கேட்பது அவளுக்குக் கொடுமை, வழக்கையும் கெடுக்கும். அவள் சொன்ன சொற்களை அப்படியே ஒருமுறை எழுதிக்கொள்ளுங்கள். பெயர் எங்கும் வெளியே போகக் கூடாது. அந்த ஆசிரியர் அவள் இருக்கும் பக்கமே வராதபடி அன்றே ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: பிளஸ் டூ மாணவன் ஒருவனின் நோட்டுக் கடைசிப் பக்கத்தில் ‘வாழப் பிடிக்கல’ என்று எழுதியிருந்தது. உடனே பெற்றோரை அழைக்கலாமா?
– தலைமையாசிரியர், மேல்நிலைப் பள்ளி, நாமக்கல் மாவட்டம்

பதில்: முதலில் அவனோடு பேசுங்கள். அவன் நம்பும் ஆசிரியர் ஒருவர், தனியாக, கதவைச் சாத்தாமல், அன்றைக்கே பேச வேண்டும். நோட்டை ஸ்டாஃப் ரூமில் சுற்றுக்கு விடாதீர்கள். “செத்துப்போகணும்னு தோணுதாப்பா?” என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது; கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிவதே பாரத்தைக் குறைக்கும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஆம் என்றால் அவனைத் தனியே விடக் கூடாது, பஸ்ஸில் தனியே அனுப்பவும் கூடாது. பெற்றோரை நேரில் வரவழைத்து, திட்டக் கூடாது என்பதை முதலில் சொல்லுங்கள். பூச்சிமருந்து, மாத்திரை எல்லாவற்றையும் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். அன்றே மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். வீட்டில் அடியும் வன்முறையும்தான் காரணம் என்றால், பெற்றோரை அழைக்கும் முன் 1098-இல் ஆலோசனை கேளுங்கள்.

பிறகு வாரம் ஒருமுறை அதே ஆசிரியர் அவனைப் பார்க்கட்டும். தேர்வு முடிவு வரும் நாள் தனிக் கவனம் வேண்டும். இவனையும், தேறுவார்களா என்று சந்தேகம் உள்ளவர்களையும் முன்கூட்டியே பட்டியல் எழுதி, ஆளுக்கு ஐந்து பேர் என்று ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். முடிவு வெளிவரும் முன்பே போன் போயிருக்க வேண்டும்: “எப்படி வந்தாலும் பத்து மணிக்குப் பள்ளிக்கு வா. துணைத்தேர்வு இந்த வருஷமே உண்டு, விண்ணப்பத்தை நானே போட்டுத் தர்றேன்.”